அடிக்கட்டைகளும் ரோதமுனியும்



இலங்கை மலைநாட்டின் நானுஓயாவில் தொடங்கி, நுவரெலியாவைத் தொட்டு, கந்தப்பளை வழியாக மேலேறிய சிறுபாதைப் புகையிரதம் ராகலையோடு நின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலையைச் சுற்றிச் சுற்றிப் போடப்பட்ட பாதை அது. மேலே வரும்போது அரிசியும் உரமும் கொண்டுவந்தது, கீழே போகும்போது தேயிலைப் பெட்டிகளைக் கொண்டுபோனது. 1940களில் அது மூடப்பட்டது. அமெரிக்க நிலக்காட்சி ஓவியங்களையும் அவற்றில் வெளிப்படும் ஆன்மிக நோக்கையும் பேசுவதற்கு ராகலை பொருத்தமான இடமா என்று கேட்பவர்களுக்கு அந்தப் பாதையே விடை சொல்லும். ஏனென்றால், இந்தக் கருத்தரங்கு எடுத்துக்கொள்ள வேண்டிய முதல் ஓவியத்திலும் ஒரு புகையிரதம் ஓடுகிறது.

ஜோர்ஜ் இன்னெஸ் 1856 அளவில் வரைந்த ‘லாக்கவானா பள்ளத்தாக்கு’ இன்று வாஷிங்டன் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது. அதை வரையச் சொல்லி 75 டொலர் கொடுத்தது ஒரு புகையிரதக் கம்பனி. பென்சில்வேனியாவின் ஸ்கிரான்டன் நகரில் கம்பனி புதிதாகக் கட்டிய எஞ்சின் கொட்டகை படத்தின் நடுவில் தெரிகிறது. வெண்புகை கக்கிக்கொண்டு ஒரு வண்டி வளைந்து வருகிறது. பின்னால் நீலம் பூத்த மலைகள், மேலே பால்போன்ற வானம், இடப்பக்கம் ஓங்கி நிற்கும் ஒற்றை மரம். அந்த மரத்தின் அருகே வைக்கோல் தொப்பி அணிந்த சிறுவன் ஒருவன் சாய்ந்திருந்து பள்ளத்தாக்கைப் பார்க்கிறான். எல்லாம் அமைதியாக இருக்கிறது. அவனுக்கு முன்னால் சரிவு முழுவதும் வெட்டப்பட்ட மரங்களின் அடிக்கட்டைகள்.

அந்தக் கட்டைகளை இன்னெஸ் மறைக்கவில்லை. ஒளி அவற்றின் மேலும் மலையின் மேலும் ஒரே மாதிரி படிகிறது. அவர் முன்னேற்றத்தைப் பாடினாரா, அழிவுக்கு வருந்தினாரா என்று கலை வரலாற்றாசிரியர்கள் நெடுங்காலமாக வாதிட்டு வருகிறார்கள். பின்னாளில் இன்னெஸ் ஸ்வீடன்போர்க் என்ற சுவீடிய ஞானியின் போதனையில் ஆழ்ந்தார். கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொரு பொருளும் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆன்ம உண்மைக்கு ஈடாக நிற்கிறது என்பது அந்தப் போதனை. அப்படியானால் அடிக்கட்டை எந்த உண்மைக்கு ஈடு? காட்டை வெட்டிய கைகள் எங்கே போயின? படத்தில் கோடரி பிடித்தவரின் உருவம் இல்லை. கட்டைகள் இருக்கின்றன, வெட்டியவர் இல்லை. மலையகத்தில் பிறந்து வளர்ந்த ஒருவருக்கு இந்த இல்லாமை உடனே கண்ணில் படும். இங்கே காடாக இருந்தது தேயிலையானது எப்படி என்பது அவருடைய குடும்ப வரலாறு.

இன்னெஸுக்கு முன்னோடி தோமஸ் கோல். 1801இல் இங்கிலாந்தின் லங்காஷயரில், பஞ்சாலைப் புகை சூழ்ந்த போல்டனில் பிறந்தவர். சிறுவயதில் சீத்தைத் துணிக்கு அச்சுச் செதுக்கும் வேலை செய்தார். 1818இல் குடும்பத்தோடு அமெரிக்கா போனார். ஆலைகளின் நடுவே வளர்ந்த அந்தப் பிள்ளைதான் 1825இல் ஹட்சன் ஆற்றில் மேல்நோக்கிப் பயணம் போய், காடுகளையும் அருவிகளையும் வரைந்து, ஒரு முழு ஓவிய மரபுக்கு வழிதிறந்தார். 1836இல் அவர் வரைந்த ‘ஒக்ஸ்போ’ நியூயோர்க்கின் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மசாசுசெட்ஸின் ஹொலியோக் மலையுச்சியிலிருந்து பார்க்கும்போது கனெக்டிகட் ஆறு மாட்டு நுகம்போல வளைந்து ஓடும் காட்சி அது. இடப்புறம் முறிந்த மரமும் கருமேகமும் மழையும். வலப்புறம் வெயில் விழுந்த வயல்கள், வைக்கோற்போர்கள், வீடுகள். நடுவில், பாறைகளுக்கிடையே, கோல் தம்மையே மிகச் சிறிதாக வரைந்திருக்கிறார். தூரிகை கையில், முகம் நம் பக்கம்.

ஆற்றுக்கு அப்பாலுள்ள மலைச்சரிவில் காடு வெட்டப்பட்ட திட்டுகள் தெரிகின்றன. அவை ஹீப்ரு எழுத்துகளாக அமைந்திருப்பதாகச் சில ஆய்வாளர்கள் வாசிக்கிறார்கள்: நேரே பார்த்தால் நோவாவின் பெயர், தலைகீழாக வானத்திலிருந்து பார்ப்பதுபோல் பார்த்தால் எல்லாம் வல்லவனின் பெயர். இந்த வாசிப்பு சரியென்றால், கோல் இறைவனின் பெயரைக் கன்னிக்காட்டின் மேல் எழுதவில்லை, கோடரி போட்ட தழும்பின் மேல் எழுதியிருக்கிறார். அந்த மரபின் மிக நேர்மையான கணம் அதுவே என்பது இந்த உரையின் துணிபு.

படத்தில் தெரியும் வெளியின் அருகே உள்ள ஊர் நோர்தம்ப்டன். பதினெட்டாம் நூற்றாண்டில் ஜொனதன் எட்வர்ட்ஸ் என்ற பெரும் இறையியலாளர் இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கே போதகராக இருந்தார். பட்டுப்பூச்சியும் மின்னலும் ரோஜாவும் தெய்வீக உண்மைகளின் நிழல் என்று குறிப்பேடு எழுதியவர் அவர். அந்த நியூ இங்கிலாந்து பக்தி மரபின் பிள்ளைகள்தான் 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் அமெரிக்க மிசனைத் தொடங்கினார்கள். அதே நியூ இங்கிலாந்து மண்ணில், ‘ஒக்ஸ்போ’ வரையப்பட்ட 1836ஆம் ஆண்டிலேயே, சிந்தனையாளர் எமேர்சன் ‘இயற்கை’ என்ற சிறு நூலை வெளியிட்டார். காட்டில் தனித்து நிற்கும் மனிதனின் ‘நான்’ கரைந்து, அவன் வழியே பேருயிர் பாய்கிறது என்பது அதன் சாரம். எமேர்சனும் அவருடைய இளைய நண்பர் தோரோவும் பகவத் கீதையைப் படித்தவர்கள். தோரோ குடில் கட்டி வாழ்ந்த வால்டன் குளத்தின் பனிக்கட்டியை வெட்டிக் கப்பலேற்றிய வியாபாரிகள் சென்னைவரை விற்றார்கள். மெரினா கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கும் ஐஸ் ஹவுஸ் அந்த வணிகத்துக்காகக் கட்டப்பட்டது. ஆன்மிகமும் வணிகமும் ஒரே குளத்திலிருந்து கிளம்பிய காலம் அது.

கோல் வழிதிறந்த ஓவிய மரபின் உச்சம் பிரெடரிக் சேர்ச். 1859இல் அவருடைய ‘அந்தீசின் இதயம்’ நியூயோர்க்கில் காட்சிக்கு வந்தபோது பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் தலைக்கு 25 சதம் கொடுத்து, வரிசையில் நின்று பார்த்தார்கள். மூன்று மீற்றர் அகலமான படம். இலை இலையாகப் பார்ப்பதற்குச் சிலர் நாடகக் கண்ணாடி கொண்டுபோனார்கள். பனிமலையின் அடியில், செடிகளுக்கு நடுவே, ஒரு சிறு சிலுவையும் அதன் முன் இரண்டு பேரும் இருக்கிறார்கள். படம் அந்நாளில் பத்தாயிரம் டொலருக்கு விலைபோனது.

இனி மறுபக்கம். 1830இல் அமெரிக்கக் காங்கிரஸ் பூர்வகுடிகளை மிசிசிப்பிக்கு மேற்கே அகற்றும் சட்டத்தை நிறைவேற்றியது. கோல் தம் காடுகளை வரைந்த ஆண்டுகள் அவை. அல்பர்ட் பியர்ஸ்டாட் 1863இல் ‘ரொக்கி மலைகள்: லான்டர் சிகரம்’ வரைந்தார். படத்தின் முன்புறம் ஷோஷோன் மக்களின் குடியிருப்பு அமைதியாகத் தெரிகிறது. அதே ஆண்டு ஜனவரியில் ‘பெயார்’ (Bear) ஆற்றங்கரையில் அமெரிக்கப் படையினர் நூற்றுக்கணக்கான ஷோஷோன் மக்களைக் கொன்றார்கள். தோமஸ் மொரான் 1871இல் யெலோஸ்டோன் போய் வரைந்த படங்கள், அடுத்த ஆண்டே அதை உலகின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்க உதவின. பூங்காவுக்குள் வாழ்ந்த மக்கள் பின்னர் வெளியேற்றப்பட்டார்கள். உயரத்தில் நின்று கீழே பரந்த நிலத்தைப் பார்க்கும் இந்தப் பார்வையை ‘ஆட்சிப் பார்வை’ என்று பெயரிட்டு அல்பர்ட் போய்ம் 1991இல் ஒரு நூலே எழுதினார். பக்தியும் உடைமையும் அந்த ஒரே பார்வையில் கூடியிருந்தன என்பது அவர் வாதம்.

இலங்கை மலைநாட்டுக்கும் அதே காலத்தில் அதே பார்வை வந்தது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலங்கள் சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டையும் சேனை நிலத்தையும் அரசுக்கு உரியதாக்கியது. கோப்பிக்காக மலைகள் மொட்டையடிக்கப்பட்டன. கொழும்பில் சித்திரம் கற்பிக்க வந்த அயர்லாந்து ஓவியர் அன்ட்ரூ நிக்கல் 1848இல், குடியேற்றநாட்டுச் செயலாளர் எமேர்சன் டெனன்டோடு தீவுக்குள் பயணம் செய்து நீர்வண்ணப் படங்கள் வரைந்தார். டெனன்டின் புகழ்பெற்ற ‘சிலோன்’ நூல் 1859இல், சேர்ச்சின் படம் காட்சிக்கு வந்த அதே ஆண்டில், வெளியானது. நிக்கலின் படங்கள் கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கின்றன. இலையும் ஒளியும் இடிந்த தாதுகோபங்களும் அவற்றில் உயிரோடு நிற்கின்றன. ஆனால் அந்த ஆண்டுகளில் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளைக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்த தமிழ்க் கூலியாட்களின் அணிகளை இப்படிப் பெருமையோடு சட்டமிட்டு மாட்டிய ஓவிய மரபு எதுவும் உருவாகவில்லை. வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் விழுந்தவர்கள் விழுந்த இடத்திலேயே கிடந்தார்கள். அந்தப் பாதையை மலையக மக்கள் 2023இல், இருநூறாம் ஆண்டு நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை திரும்ப நடந்தார்கள். அந்த நடையை ஒரு நிலக்காட்சிப் படைப்பாகவும் ஆய்வாளர்கள் வாசிக்க வேண்டும். நிலத்தைக் காலால் வரைந்த படைப்பு அது.

ஒரு விதிவிலக்கைச் சொல்லாமல் கடக்க முடியாது. விக்டோரிய இங்கிலாந்தின் பெரும் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரூன் 1875இல் இலங்கைக்கு வந்து குடியேறினார். கணவருக்கு மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. எல்லோரும் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கமரூன் களுத்துறையில் தம் கமராவை மனித முகங்களின் பக்கம் திருப்பினார். தோட்டத்தில் உழைத்த மக்களும் அந்த முகங்களில் உண்டு. முப்பதுக்கும் குறைவான படங்களே எஞ்சியுள்ளன. முகங்கள் இருக்கின்றன, பெரும்பாலானவற்றுக்குப் பெயர் இல்லை. 1879இல் இறந்த அவர் போகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். ராகலையிலிருந்து ஒருநாள் பயணத்தில் போய்ப் பார்த்துவரக்கூடிய கல்லறை.

1869இல் கோப்பி இலைகளில் துருநோய் பிடித்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். அடுத்த இருபது ஆண்டுகளில் மலைநாடு கோப்பியிலிருந்து தேயிலைக்கு மாறியது. 1890இல் வந்து தோட்டங்கள் வாங்கிய தோமஸ் லிப்டன் உட்கார்ந்து பார்த்த இடமென்று அப்புத்தளைக்கு அருகே டம்பத்தென்னையில் இன்றும் சுற்றுலாப் பயணிகள் ஏறுகிறார்கள். ஹொலியோக் மலையில் கோல் இருந்த இடமும் டம்பத்தென்னையில் லிப்டன் இருந்த இடமும் ஒரே வகை இருக்கைகள். கீழே பச்சை விரிகிறது, தேயிலை நிரையில் நிற்கும் பெண்கள் அங்கிருந்து புள்ளிகளாகத் தெரிகிறார்கள்.

அந்தப் பெண்கள் நின்ற இடத்திலிருந்து மலை எப்படித் தெரிந்தது என்பதே இந்த உரையின் மையக் கேள்வி. மலையக வழிபாட்டில் அதற்கு விடை கிடைக்கிறது. தமிழகக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் மாரியம்மனையும் மதுரைவீரனையும் முனியாண்டியையும் மாடசாமியையும் கூடவே கொண்டுவந்தார்கள். அவர்கள் அதோடு நிற்கவில்லை. இந்த மண்ணுக்கென்றே புதிய தெய்வங்களைக் கண்டார்கள். தேயிலை ஆலைகளில் தொடக்க காலத்தில் பல, நீரில் சுழலும் பெருஞ்சக்கரத்தால் ஓடின. அந்தச் சக்கரத்துக்கும் யந்திரத்துக்கும் காவலாக நின்றவர் ரோதமுனி. தேயிலையை வெட்டித் தாழ்த்தும் கவ்வாத்துக்கும் ஒரு சாமி உண்டு, கவ்வாத்துசாமி. தேயிலை தன் போக்கில் விட்டால் மரமாகிவிடும். மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அதைக் கத்தியால் வெட்டித் தாழ்த்தினால்தான் இடுப்பளவில் நின்று கொழுந்து தரும். செடிக்கு அது காயம், வெட்டுபவருக்குக் கை முறியும் வேலை, சரிவில் கால் வழுக்கினால் ஆபத்து. அந்த இடத்தில் ஒரு சாமி நிற்கிறார். காலையில் நிரை பிடித்ததும் ‘பொலி, பொலி’ என்று சொல்லி முதல் கொழுந்தைக் கிள்ளும் வழக்கமும் வயலிலிருந்து மலைக்கு வந்தது. மாசியில் காமன் ஊன்றி, ஆடி, எரித்து, மறுபடி எழுப்பும் காமன்கூத்தும் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்து முற்றத்தில் நடந்தது.

சேர்ச்சின் படத்தில் சிலுவை இயற்கையின் மடியில் நிற்கிறது. ரோதமுனி ஆலைக்குள், எண்ணெயும் நீராவியும் தேயிலைத் தூளும் சூழ்ந்த இடத்தில் நிற்கிறார். அமெரிக்க ஓவியர் தெய்வத்தைத் தேடி உழைப்பிலிருந்து விலகி மேலே ஏறினார். தோட்டத்து மக்களுக்கு விலகிப்போக இடமிருக்கவில்லை, ஆகவே தெய்வம் உழைப்புக்குள் இறங்கி வந்தது. இதை ஏழ்மையின் மூடநம்பிக்கை என்று தள்ளிய காலம் ஒன்று இருந்தது. அது பெரும் பிழை. எமேர்சனின் ‘இயற்கை’க்கு எந்த அளவு தத்துவ மதிப்புக் கொடுக்கிறோமோ, அந்த அளவு கவ்வாத்துசாமிக்கும் கொடுக்க வேண்டும். வெட்டப்படும் செடிக்கும் வெட்டும் கைக்கும் நடுவே ஒரு புனிதம் உண்டென்று கண்டவர்கள், இன்னெஸின் அடிக்கட்டைகள் எழுப்பிய கேள்விக்குத் தங்கள் வழியில் விடை சொன்னவர்கள்.

இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேச நமக்கு ஒரு துணை இருக்கிறார். ஆனந்த குமாரசுவாமி 1877இல் கொழும்பில், தமிழரான சர் முத்துக்குமாரசுவாமிக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் பிறந்தவர். 1903 முதல் 1906வரை இலங்கைக் கனிம ஆய்வுத் துறையின் பணிப்பாளராக இருந்து மலைநாட்டின் பாறைகளைக் கால்நடையாக ஆராய்ந்தவர். பாறையைப் படிக்க வந்தவர் கிராமத்துக் கைவினைஞரின் வேலையில் மனம் பறிகொடுத்தார். 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல் வெளிவந்தது. 1917இல் பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் சென்று, 1947இல் இறக்கும்வரை அங்கேயே பணியாற்றினார். கோலும் எமேர்சனும் தோரோவும் உலவிய மசாசுசெட்ஸ் மண்ணில் இருந்துகொண்டு, 1934இல் ‘கலையில் இயற்கையின் உருமாற்றம்’ என்ற நூலை எழுதினார். இயற்கையின் தோற்றத்தை நகலெடுப்பது கலையாகாது, இயற்கை எப்படித் தொழிற்படுகிறதோ அந்த முறையைப் பின்பற்றுவதே கலை என்பது அவர் மீண்டும் மீண்டும் வலியுறுத்திய கருத்து. கைவினைஞருக்கும் ஞானிக்கும் நடுவே அவர் சுவர் எழுப்பவில்லை. அந்த அளவுகோலை எடுத்து மலையகத்தின் மேல் வைத்தால், பருவம் பார்த்துக் கவ்வாத்து வெட்டும் கையும், இரு இலையும் ஒரு மொட்டும் கிள்ளும் விரலும், காமன் ஊன்றும் கலைஞரும் ஒரே வரிசையில் வந்து நிற்கிறார்கள். குமாரசுவாமி தோட்டத் தொழிலாளரைப் பற்றி அந்த நூலில் எழுதவில்லை. அவர் திறந்த வழியில் மலையக ஆய்வு இன்னும் போதிய தூரம் நடக்கவில்லை என்பதே இங்குள்ள குறை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கோலின் புயல் இடப்பக்கம் கறுத்து நிற்கிறது, ஓவியர் நனையவில்லை. இயற்கையின் பயங்கரம் அழகாகத் தெரிவதற்குப் பார்ப்பவர் காப்பான இடத்தில் இருக்க வேண்டும் என்று பதினெட்டாம் நூற்றாண்டிலேயே எட்மன்ட் பேர்க் எழுதியிருந்தார். லயத்தில் வாழ்பவருக்கு அந்தக் காப்பான இடம் கிடைத்ததில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்தக் காலைக்குப் பிறகு மலையின் மாட்சியைப் பேசும் எந்த அழகியலும் மண்சரிவைத் தன்னுள் கொள்ளாமல் முழுமையாகாது. இந்தக் கருத்தரங்கில் புவியியலாளரும் இலக்கிய ஆய்வாளரும் ஒரே மேசையில் இருக்க வேண்டியது அதனால்தான்.

மலையையும் அதில் உழைப்பவரையும் பிரித்துப் பேச முடியாது என்பதை மலையக எழுத்தாளர்கள் முன்பே உணர்ந்திருந்தார்கள். மடக்கும்புரையில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை தேயிலைத் தோட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் கவிதை எழுதினார், தோட்டத்து மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அவருடைய கவிதையைத் தமிழில் ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்று தந்த சக்தீ பாலஐயா தூரிகையும் பிடித்தவர். மலையக ஓவியமும் மலையகக் கவிதையும் ஒரே கையில் கூடிய இடம் அது. அதைப் பற்றி ஒரு முழு ஆய்வு இன்னும் தேவை.

வரும் அமர்வுகளுக்கு ஒரு வேண்டுகோள். தோட்டத்துக் கோயில்களின் சுவர்ச் சித்திரங்களும், மரத்தடியில் சூலம் நட்ட கற்களும், ரோதமுனி இருந்த பழைய ஆலைகளும் வேகமாக மறைகின்றன. பல ஆலைகள் மூடப்பட்டுவிட்டன, சில விடுதிகளாகிவிட்டன. அவற்றைப் படமெடுத்து, வணங்கியவரின் பெயரோடு, வழிபாட்டு முறையோடு, தோட்டப் பிரிவோடு பதிவு செய்யும் வேலையை இந்த ஆண்டிலேயே தொடங்க வேண்டும். கமரூனின் படங்களுக்கு நேர்ந்த பெயரின்மை இவற்றுக்கும் நேரக்கூடாது. இன்னெஸின் படத்தை ராகலையிலும் ஹல்கரன்ஓயாவிலும் ஓய்வுபெற்றிருக்கும் கவ்வாத்துக்காரர்களின் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். எந்த உயரத்தில் வெட்டியிருக்கிறார்கள், எவ்வளவு காலம் ஆகியிருக்கும், அந்தச் சரிவில் அடுத்த மழைக்கு மண் நிற்குமா என்றெல்லாம் அவர்களால் சொல்ல முடியும். அருங்காட்சியக அறிஞர் எவரும் இதுவரை அவர்களிடம் கேட்டதாகத் தெரியவில்லை. முதல் அமர்வின் கட்டுரையாளர்கள் அந்த வாக்குமூலங்களுக்கும் தங்கள் ஆய்வில் இடம் வைத்துப் பேசவேண்டும் என்று கேட்டுக்கொண்டு, கருத்தரங்கு தொடங்கிவைக்கப்படுகிறது.